34 குதிரைத்திறனும் ஒரு பித்தளைக் கட்டியும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2017 அக்டோபரில், இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு வாசலுக்குள் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அதன் முன்பக்க இடது சக்கரம் அச்சிலிருந்து முறிந்து மட்கார்டுக்கு அடியில் படுத்துவிட்டது. காரின் வேகம் ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்திருந்தேன். பழைய கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல ஒரே ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி காரின் மூக்கு இடது பக்கமாகத் தரையைத் தொட்டது. காய்கறிப் பையோடு பின்னிருக்கையில் இருந்த என் மனைவி, "டயர் பஞ்சரா?" என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் அதே காரில் செங்கல்பட்டு வரை 70 கி.மீ. வேகத்தில் போய் வந்திருந்தோம்.

அந்தச் சக்கரம் ஏன் முறிந்தது, எங்கே முறிந்தது, அதற்கு முன் அந்தக் காரில் செய்யப்பட்டிருந்த மாற்றங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு, அதன்பின் எவற்றைத் திரும்ப எடுத்தேன், எவற்றைப் புதிதாகச் சேர்த்தேன் என்பதே இங்கே எழுதப்படுவது. பாலிடெக்னிக் ஒன்றின் பட்டறையில் முப்பது ஆண்டுகள் லேத் சொல்லிக்கொடுத்தவன் நான். உலோகம் முறிந்த முகத்தைப் பார்த்தால் அதன் கதையைப் படிக்கலாம் என்று மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லி வந்த எனக்கு, சொந்தக் காரிலேயே அப்படி ஒரு முகம் வாய்த்தது.

வண்டி

கார் 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு வடிவம், 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பழைய மதராஸ் எண். 2014இல் கும்பகோணத்தில் ஒரு மருத்துவர் குடும்பத்திடமிருந்து வாங்கினேன். அவர் காலமான பின் நான்கு ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருந்த வண்டி அது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது பேட்டரி வைத்து, பிரேக் குழாய்களை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி மாலையில் தாம்பரம் வந்து சேர்ந்தேன். வந்து நின்ற இடத்துக்கும் அது செய்யப்பட்ட இடத்துக்கும் சில கிலோமீட்டர்தான் தூரம்; பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டித்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது.

இந்தக் காரின் பிறப்பே ஒரு நெருக்கடியில் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு–டிரயம்ப் நிறுவனம் தன் சிறிய கார்களுக்கு உடற்கூடு வாங்கிவந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பற்றவைத்தெடுத்த உடலுக்கு வழியில்லாமல் போகவே, தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஒன்றின் மேல் சிறு சிறு பாகங்களாக உடலைப் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கு அவர்கள் திரும்பினார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி அதன்மேல் கூர்மையான கோடுகள் கொண்ட ஓர் உடலை வரைந்து தந்தார். 1959 ஏப்ரலில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் லண்டனில் அறிமுகமானது. உடல் பாகம் பாகமாகப் பிரிவதால் பெட்டியில் அடைத்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டிக்கொள்வதற்கு அது தோதாக இருந்தது. 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வந்தது.

இங்கிலாந்தில் அதே 1961இலேயே 1147 சி.சி. எஞ்சினுக்கும், 1967இல் 1296 சி.சி. எஞ்சினுக்கும் மாறிவிட்டார்கள். இங்கே உரிமமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் விட்ட இடத்தில் 948 சி.சி.யே நின்றது. ஆனால் இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டை நம் ஊரில் செய்தார்கள். குடும்பத்தோடு போகும் நாட்டில் இரண்டு கதவுக் காரை அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் எதிரே விற்க முடியவில்லை என்பது எளிதில் விளங்கும்.

948 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருடன் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் 34.5 குதிரைத்திறன். ஏறக்குறைய 800 கிலோ எடையை இழுக்க இவ்வளவுதான். அம்பாசிடருக்கு 1489 சி.சி.; ஃபியட்டுக்கு 1089 சி.சி.; மூன்றிலும் இளைத்தவன் இவனே. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போதே எஞ்சின் 3,600 சுற்றை ஒட்டிச் சுழல்வதால், அதற்கு மேல் விரட்டுவதில் எஞ்சினுக்கும் சுகமில்லை, காதுக்கும் சுகமில்லை. முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் கிடையாது. நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் போட நினைத்தால் பல் கடிக்கும். முழுவதும் நின்றுதான் போட வேண்டும், அல்லது கிளட்சை இருமுறை மிதித்து எஞ்சின் சுற்றைச் சரிக்கட்டி நுழைக்க வேண்டும். குரோம்பேட்டை சிக்னலில் இதைப் பழகியவனுக்கு வேறு எந்தக் காரும் பயம் காட்டாது.

ஆனால் இந்தக் காரிடம் ஒரு வித்தை உண்டு. 25 அடி விட்ட வட்டத்துக்குள் முழுவதும் திரும்பிவிடும். ஆட்டோரிக்ஷா திரும்பும் சந்தில் திரும்புகிற கார் என்று அக்காலத்து மதராஸ் டிரைவர்கள் இதை மெச்சிக்கொண்டதில் மிகை இல்லை. பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே பாகமாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் வேலை பார்க்கலாம். இந்த இரண்டையும் இங்கே சொல்வதற்குக் காரணம், முறிந்த பாகம் இரண்டோடும் சம்பந்தப்பட்டது என்பதே.

முறிந்த முகம்

ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு நிமிர்ந்த இரும்புத் தண்டில் தாங்கி நிற்கிறது. வெர்ட்டிக்கல் லிங்க் என்று அதற்குப் பெயர். தண்டின் மேல்முனையில் ஒரு பால் ஜாயின்ட், அதாவது குண்டு மூட்டு. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை டிரன்னியன் எனப்படும் ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரைக்குள்தான் திரும்புகிறது. அதாவது, காரின் முன்பாதி எடையைச் சுமந்துகொண்டு, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டு, ஒரு போல்ட்டும் நட்டும் வாழ்நாளெல்லாம் முன்னும் பின்னுமாகத் திருகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும்.

என் காரில் இடதுபக்கத் தண்டு, மரை தொடங்கும் முதல் பள்ளத்தில், பித்தளைக் கட்டியின் வாய்க்குச் சற்று மேலே முறிந்திருந்தது. முறிந்த முகத்தைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு முகம் கறுத்து, துருவேறி, வழுவழுப்பாக இருந்தது. அதில் கடற்கரை மணலில் அலை விட்டுச்செல்லும் கோடுகள்போல வளைந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. மீதிப் பங்கு மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. அந்தப் பளிச்சிட்ட பங்குதான் ஞாயிறு காலை முறிந்தது. கறுத்த பங்கு பல மாதங்களாக, ஒருவேளை நான் வாங்குவதற்கு முன்பிருந்தே, மயிரிழை மயிரிழையாகப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. செங்கல்பட்டுக்கு 70 கி.மீ. வேகத்தில் போனபோது எங்களைச் சுமந்தது அந்த மூன்றில் ஒரு பங்கு இரும்பு.

இது சுமை தாங்காமல் ஒரே அடியில் ஒடிந்த முறிவு அன்று. திரும்பத் திரும்ப வளைந்து களைத்து ஒடிந்த முறிவு. அத்தகைய முறிவுக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அது முதல் மரைப் பள்ளத்தின் அடியில் ஊசிமுனையளவு துருக்குழியாக இருந்தது. எண்ணெயில் நனைந்து கிடக்க வேண்டிய மரைக்குள் தண்ணீர் எப்படிப் போனது?

பித்தளைக் கட்டியைக் கழற்றி லேத்தில் வைத்து நெடுக்கில் பிளந்தேன். உள்ளே விடை கிடைத்தது. கட்டியின் அடியில் இருந்த நிப்பிளுக்கு (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) நேராக மட்டும் புது கிரீஸ் பளபளப்பாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே மரைப் பள்ளங்களில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகி, வேறொன்றும் ஏறவிடாமல் அடைத்திருந்தது. மேல்வாய்க்கு அருகே கிரீஸே இல்லை, செந்துருக் கஞ்சிதான் இருந்தது. ஹெரால்டின் கையேடு இந்த இடத்துக்குச் சொல்வது கிரீஸ் அன்று, கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான ஹைப்பாய்டு எண்ணெய், இன்றைய பெயரில் இ.பி. 90. எண்ணெய் மரை வழியாகச் சுற்றிச் சுற்றி மேலேறி வாயில் கசிய வேண்டும். கசிந்தால்தான் உள்ளே நிறைந்தது என்று பொருள். கிரீஸ் அப்படி ஏறாது. அது அழுத்திய இடத்திலேயே தங்கிவிடும்.

தொழிற்சாலையில் அந்த இடத்தில் நிப்பிளே இருக்காது. ஒரு சிறிய மூடித் திருகுதான் இருக்கும். எண்ணெய் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி, வேலை முடிந்ததும் மூடியைத் திரும்பப் போட வேண்டும். யாரோ ஒருவர், எப்போதோ, வசதிக்காக நிப்பிளை அப்படியே விட்டுவிட்டார். நம் ஊரில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பார்கள். வேறு எதையும் யாரும் யோசிக்க மாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை. ஐயாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, கீழே தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவி, 'எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சாச்சா?' என்று கேட்டு, காசு கொடுத்து வந்தவன் நானே. ரப்பர் வளையம் இற்றுப்போன அந்த மேல்வாய்க்குள் தண்ணீரைப் பீச்சியதும் நான் கேட்டு வாங்கிய சேவைதான்.

புதுப்பேட்டையில் ஹெரால்டு வேலையில் பழுத்த ஒரு மெக்கானிக் உண்டு. எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். முறிந்த துண்டுகளை அவர் முன் வைத்தேன். இரண்டையும் கையில் எடுத்து விரலால் தடவிவிட்டு, "இது வண்டிக்கு வந்த நோவு இல்ல சார், நாம கொடுத்த நோவு. மரைக்கு எண்ணெய், பேரிங்குக்கு கிரீஸ். இதைச் சொன்னா இப்ப எவன் கேக்குறான்?" என்றார்.

முழுத் திருப்பத்தின் விலை

ஆனால் துரு மட்டும் போதுமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. வலது பக்கத்திலும் இதே கிரீஸ், இதே தண்ணீர். அந்தத் தண்டிலும் சிறிய விரிசல் இருந்தது. ஆனால் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரு பக்கத்துக்கும் இந்த வேறுபாடு ஏன் என்று தேடியபோதுதான் கும்பகோணத்துக் காலத்து மாற்றங்கள் இரண்டும் கணக்கில் வந்தன.

முதலாவது, சக்கரங்கள். தொழிற்சாலையில் இந்தக் காருக்கு 5.20 அங்குல அகலமுள்ள ஒல்லி டயர். முந்தைய உரிமையாளர் ரிம்மை வெட்டி நடுவே ஒரு பட்டை வைத்து வெல்டு செய்து அகலப்படுத்தி, 175 மி.மீ. அகல ரேடியல் டயர் போட்டிருந்தார். பார்வைக்குக் கார் அகலக்கால் வைத்து நின்றது. ஆனால் அகலம் முழுவதும் வெளிப்பக்கமாகவே சேர்க்கப்பட்டிருந்ததால், டயர் தரையைத் தொடும் இடம் தண்டின் திருப்பு அச்சிலிருந்து தள்ளிப் போய்விட்டது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் அந்தத் தள்ளிய தூரம் அப்படியே நெம்புகோலாகத் தண்டின் அடியைப் பிடித்து வளைக்கும். இடதுபக்க ரிம் மற்றதைவிட 9 மி.மீ. கூடுதலாக வெளியே தள்ளியிருந்ததை அளந்து கண்டேன். வெல்டு வைத்தவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. சாலையின் பள்ளங்களும் மண் விளிம்பும் நமக்கு இடப்பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில்தான் 25 அடி வட்டத்தின் பங்கு வருகிறது. சக்கரம் அவ்வளவு திரும்புவதால்தான் மரையும் அவ்வளவு திருகப்படுகிறது. பித்தளைக் கட்டியைப் பூட்டும்போது அதைத் தண்டில் அடிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்கு உள்ளாகத் திரும்ப அவிழ்த்து நிறுத்த வேண்டும் என்று சொல்வதன் காரணமும் அதுவே: அந்த இடைவெளி இல்லாவிட்டால் முழுத் திருப்பத்தில் தண்டின் மரை முடிவில் போய் முட்டி, வளைக்கும் விசை முழுவதும் முதல் பள்ளத்தில் இறங்கும். என் காரின் இடது பக்கத்தில் அந்த இடைவெளி கால் சுற்றுகூட இல்லை. ஆகவே, எந்த வித்தைக்காக இந்தக் காரை ஊரே மெச்சியதோ அந்த வித்தையைக் காட்டும் நொடியில்தான் அது முறிந்தது. ஹெரால்டுகளின் முன்சக்கரம் நெடுஞ்சாலையைவிட வாசலிலும் சந்திலும் அதிகம் முறிவதன் காரணமும் இதுதான். இந்த ஒன்றில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஒரு கூடுதல் பட்டை

இரண்டாவது மாற்றம் பின்பக்கத்தில். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில் அமைப்பு கொண்டவை. எஞ்சின் திறனை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் மேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். வயதானால் கட்டு தொய்ந்து, பின்சக்கரங்கள் மேலே குறுகிக் கீழே அகன்று, சப்பணம் போட்டதுபோல உட்காரும். இதைப் பார்த்துப் பொறுக்காமல் முந்தையவர் லாரிப் பட்டறை ஒன்றில் கொடுத்துக் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டைத் தூக்கிவிட்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்தது. வாங்கும்போது எனக்கும் அது அழகாகவே பட்டது.

2015இல் மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் மாடு குறுக்கே வரவும், ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் காருக்கு அடியில் மடங்குவதுபோல் நுழைந்து, வண்டியின் வால் வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. வேகம் 50ஐத் தாண்டவில்லை. மாடு தப்பியது, நாங்களும் தப்பினோம். அன்று டயரைத்தான் குறை சொன்னேன்.

முன்சக்கரம் முறிந்த பிறகு எல்லாவற்றையும் அளக்கும் வெறி வந்ததால், கொத்தனாரின் தூக்குக் குண்டை மட்கார்டிலிருந்து தொங்கவிட்டுப் பின்சக்கரத்தை அளந்தேன். டயரின் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட 12 மி.மீ. உள்ளே இருந்தது. ஸ்விங் ஆக்சிலில் இது தலைகீழான நிற்பு. சக்கரம் ஏற்கெனவே உள்நோக்கி மடங்கி நிற்கும்போது, காலை எடுத்ததும் பின்பக்கம் எழும்பினால் அது மேலும் மடங்கும். ஓர் எல்லைக்கு மேல் காரே அதன்மேல் ஏறி நின்றுவிடும். தொய்ந்த கட்டு பார்வைக்கு அசிங்கமே தவிர, பாதுகாப்பானது. நிமிர்த்திய கட்டுதான் ஆபத்து. இந்த அமைப்பை நம் ஊர் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை என்பதால்தான் போலும், ஹெரால்டுக்கு அடுத்து 1972 முதல் 1977 வரை வந்த ஸ்டாண்டர்டு கேஸல் காரில் நிறுவனமே அதைக் கைவிட்டு ஒரே துண்டு அச்சுக்கு மாறியது. கேஸலின் எஞ்சின் மட்டும் அதே 948.

சேர்த்த பட்டையை எடுத்தேன். இப்போது மேல்விளிம்பு 6 மி.மீ. உள்ளே சாய்ந்து நிற்கிறது. வண்டி களைத்து உட்கார்ந்ததுபோல் இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். களைத்தே இருக்கட்டும்.

எஞ்சின் மாற்றும் யோசனை

வண்டி ஜாக்கியில் நின்ற நான்கு மாதங்களில் வந்து பார்த்தவர்கள் அனைவரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: பழைய மாருதி எஸ்டீம் ஒன்றின் 1298 சி.சி. எஞ்சினைக் கியர் பெட்டியோடு இறக்கிவிடுங்கள், 34 குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். இருமடங்குக்கு அருகே திறன் வரும். அதை நிறுத்த வேண்டியவை நான்கு டிரம் பிரேக்குகள். அதைத் தரையில் பிடிக்க வேண்டியது ஸ்விங் ஆக்சில். எல்லாவற்றையும் திருப்ப வேண்டியது அந்தப் பித்தளைக் கட்டி. ஒன்றை வலுவாக்கினால் அடுத்த பலவீனமான இடம் எது என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மிக்கெலோட்டி வரைந்த தகரம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதி பெற்று எஞ்சின் மாற்ற இடம் இருந்தாலும், வேறு நிறுவனத்து எஞ்சினைத் திருட்டுத்தனமாக இறக்கினால் விபத்தின்போது காப்பீடு கைவிடும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திறனைக் கூட்டவில்லை என்பதற்காக எதையும் மாற்றவில்லை என்பதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் மாருதி 800இன் ஆல்டர்னேட்டரை வைத்தேன். மழைநாள் இரவில் விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் டைனமோ பேட்டரியைத் தின்னும், இது தின்னாது. என் வண்டியில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்த 'பாசிட்டிவ் எர்த்' இருந்ததால் பேட்டரி முனைகளையும் காயில் இணைப்புகளையும் அம்மீட்டரையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஈயமில்லாப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்ததிலிருந்து இந்த எஞ்சின்களின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் மெல்ல உள்ளே அமிழ்ந்து வருகின்றன. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய வளையங்களை லேத்தில் நானே பொருத்தினேன். இவை எதிலும் காரின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை.

முன்சக்கரத் தண்டுகளும் கட்டிகளும் கிடைத்த கதை தனி. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பல பத்தாண்டுகள் பரணில் கிடந்த 'புது' கட்டி கிடைத்தது. தண்டில் திருகிப் பார்த்தால் கடகடவென்று ஆடியது. கடைசியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். அங்கே இன்றும் செய்கிறார்கள்; டிரயம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புதான், லோட்டஸ் எலான் என்ற பந்தயக் குணமுள்ள காரும் டிரயம்பின் தண்டையே கடன் வாங்கியது. காய்கறி வாங்கப் போகும் காருக்கு உதிரிபாகம் கிடைப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு புண்ணியத்தில். ரிம்கள் பழைய அளவுக்கே திரும்பின. டயர் 155க்கு இறங்கியது. ஸ்டீயரிங் ஒற்றை விரலில் சுற்றுகிறது.

ஏற்காடு

2018 மே மாதம் நான்கு பேரோடு ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இரண்டாம் கியரில் 25, 30 கி.மீ. வேகம்தான். பின்னால் சேரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே போனோம். பேருந்துகள் மூச்சுவாங்கி வளையும் ஒவ்வொரு ஊசி வளைவிலும், ஹெரால்டு சுவரை ஒட்டி உள்விளிம்பிலேயே தன்னைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது. அந்த ஒரு கணத்துக்கு மட்டும் பின்னால் வந்த பெரிய கார்கள் பின்தங்கின. ஒன்பதாவது வளைவை ஒட்டிப் பெட்ரோல் பம்ப் சூடேறி எஞ்சின் திக்கியது. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினோம். ஐம்பது ஆண்டுகளாக நம் ஊரில் செய்யும் அதே வைத்தியம், பலித்தது. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரிலேயே விட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் எடுக்கக் கூடாது என்பது அதற்குள் காலுக்கே தெரிந்திருந்தது.

வீடு திரும்பியதும் பானெட்டைக் கவிழ்த்து, சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, கட்டியின் மேல்வாயைத் துடைத்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. துருவின் சிவப்பு இல்லை. அன்றிலிருந்து 1,500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் ஏற்றுகிறேன். நிப்பிளை நிரந்தரமாகக் கழற்றிவிட்டு மூடித் திருகைப் போட்டுவிட்டேன். மட்கார்டின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்டில் 'எண்ணெய் மட்டும்' என்று எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் சர்வீஸுக்கு விட்டால் பக்கத்திலேயே நிற்கிறேன்.

இப்போது மிஞ்சியிருப்பவை

மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். என் வண்டிக்குத் தகுதி உண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. காய்கறிச் சந்தைக்கும் பேத்தியின் பள்ளிக்கும் போகிற காரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மனமில்லாததால், சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வருகிறேன்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பெரும்பாலான பங்க்குகளுக்கும் வந்துவிட்டதால், பம்பின் டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும் என்பதால், சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஒரு படி பெரிதாக்கினேன். மாற்றாமல் விட்ட ஒரு வாரத்தில் ஸ்பார்க் பிளக்குகள் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்திருந்தன. இப்போது மீண்டும் பழுப்பு. நெடுநாள் நிறுத்தும் முன் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறேன், ஈரத்தை உறிஞ்சும் எரிபொருள் அதில் தங்கக் கூடாது என்பதற்காக.

அடுத்த வேலை, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டில் இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் செருகிய பிறைவடிவத் தகடுகள். நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பவர்கள் அவற்றைத்தான் தேய்க்கிறார்கள். முழுக்கத் தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும். ஒருவர் கிளட்சை மிதிக்க, நான் முன்பக்கக் கப்பியில் டயல் மானியை வைத்து அளந்தேன்: 0.3 மி.மீ. நகர்கிறது. சென்ற ஆண்டு அளந்ததைவிட இது கூடுதல். எஞ்சினை இறக்காமலே, அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியையும் பின்பேரிங் மூடியையும் கழற்றித் தகடுகளை மாற்றிவிடலாம். தகடுகள் வந்துவிட்டன. பொங்கல் கழித்து பாய் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.